விழா வைப்பதற்கு முன் ஐந்தாவது வருடத்தைப் பேசுங்கள்

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் கற்பிக்கிறேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, சுற்றுச்சூழல் அறிவியலின் எல்லாத் துறைகளும் இடம்பெற, யாரும் இலவசமாகப் படிக்கும்படி ஓர் ஓப்பன் ஆக்சஸ் ஆய்விதழ் தொடங்க இருக்கிறோம். பல்கலைக்கழகம் சர்வரில் இடமும் முதல் வருடச் செலவுக்குப் பணமும் தருகிறது. மூன்று மாதத்தில் விழா வைத்து முதல் இதழை வெளியிடலாம் என்கிறார் துறைத்தலைவர். ஆசிரியர் குழுவுக்குப் பெரிய பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். எழுதுபவர்களிடம் கட்டணம் வாங்கலாமா? ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் எவ்வளவு சீக்கிரம் சேரலாம்? இம்பாக்ட் ஃபேக்டர் என்ற மேற்கோள் மதிப்பெண் எப்போது வரும்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் இருக்கும் உற்சாகம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: மூன்று மாதத்தில் விழா வேண்டாம். நீங்கள் கேட்டதெல்லாம் முதல் இதழைப் பற்றியும் அதற்குக் கிடைக்கப்போகும் அங்கீகாரத்தைப் பற்றியும்தான். ஆனால் ஆய்விதழ்கள் முதல் இதழில் தடுமாறுவதில்லை. நண்பர்கள் கட்டுரை தருவார்கள், எல்லோரும் இரவு கண்விழிப்பார்கள், எப்படியோ வெளிவந்துவிடும். மூன்றாவது வருடம், உங்கள் ஐவரில் ஒருவர் வேலை மாறிப்போய், இன்னொருவர் துறை நிர்வாகத்தில் மாட்டிக்கொண்டு, மதிப்பாய்வுக்கு அனுப்பிய கட்டுரைகள் மாதக்கணக்கில் பதிலில்லாமல் கிடக்க, எழுதியவர்கள் "என் கட்டுரை என்ன ஆயிற்று" என்று கேட்டு எழுதும்போதுதான் கஷ்டம் தெரியும். ஆய்விதழ்களின் பதிப்பு நிர்வாகம்தான் பல வருடங்களாக என் வேலை. புதிதாகத் தொடங்க நினைத்து யார் வந்தாலும், ஐந்தாவது வருடம் இந்த வேலையை யார் செய்வார், அவருக்குச் சம்பளம் யார் தருவார் என்றுதான் முதலில் கேட்பேன்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மிக்கேல் லாக்சோவும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 2000க்கும் 2019க்கும் இடையில் 174 ஓப்பன் ஆக்சஸ் ஆய்விதழ்கள் இணையத்திலிருந்தே காணாமல் போனதைக் கண்டறிந்தார்கள். வெளிவருவது நின்றுபோனது மட்டும் என்றால் பரவாயில்லை, பழைய கட்டுரைகளாவது இருக்கும். இவற்றில் அதுவும் போய்விட்டது. டொமைனைப் புதுப்பிக்க ஆள் இல்லை, சர்வரை மாற்றியபோது கோப்புகளை எடுத்துவைக்க ஆள் இல்லை, இப்படிச் சின்னச் சின்னக் காரணங்களே ஓர் இதழை அழிக்கப் போதும். நம் துறையில் இந்த இழப்பு இன்னும் பெரியது. ஒரு வேதிவினையை நாளைக்கும் செய்து பார்க்கலாம். ஓர் ஏரியில் 1998ஆம் வருட மழைக்காலத்தில் இருந்த நைட்ரேட் அளவை இனி யாராலும் போய் அளக்க முடியாது. அதைப் பதிவு செய்த ஒரே கட்டுரை உங்கள் இதழில் இருந்து, உங்கள் இதழும் போய்விட்டால், அந்த அளவும் போயிற்று.

ஆகவே எதை விட்டாலும் காப்பகத்தை விடாதீர்கள். ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற இலவச மென்பொருளில்தான் உங்களைப் போன்ற பெரும்பாலான இதழ்கள் இயங்குகின்றன, ஓ.ஜே.எஸ். என்றால் உங்கள் நூலகருக்குத் தெரிந்திருக்கும். அதை உருவாக்கிய பப்ளிக் நாலெட்ஜ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பே, ஓ.ஜே.எஸ். பயன்படுத்தும் இதழ்களுக்குக் கட்டணமில்லாத காப்பக வலையமைப்பு ஒன்றையும் நடத்துகிறது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் கிளாக்ஸ், போர்ட்டிகோ போன்ற காப்பகங்களும் உண்டு. பல்கலைக்கழகச் சர்வரில் ஒரு பிரதி இருக்கிறதே என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள், அது காப்பகம் ஆகாது. டொமைனையும் பேராசிரியர் யாருடைய சொந்தப் பெயரிலும் பதிவு செய்யாமல் நூலகத்தின் பெயரிலோ பல்கலைக்கழகத்தின் பெயரிலோ பதிவு செய்யுங்கள். காலாவதியான ஆய்விதழ் டொமைனை வேறு யாரோ வாங்கி, அதே பெயரில் போலி இதழ் நடத்திப் பணம் பிடுங்குவது உண்மையிலேயே நடக்கிறது.

சரி, பணம். எழுதுபவர்களிடம் கட்டணம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படியும் நெறிப்படியும் வாங்கலாம், தப்பில்லை, நேச்சர் இதழ் 2021இல் ஓப்பன் ஆக்சஸ் வழியைத் திறந்தபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ கட்டணம் வைத்தது. ஆனால் உங்களுக்கு நான் சொல்வது, முதல் ஐந்து வருடமாவது ஒரு பைசா வாங்காதீர்கள். பெயர் தெரியாத புது இதழுக்குப் பணமும் கட்டி நல்ல கட்டுரையை யாரும் தரமாட்டார்கள். வேறு எங்கும் போக முடியாத கட்டுரைதான் பணத்தோடு வரும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஏற்றுக்கொண்ட கட்டுரைக்கு மட்டும்தான் வருமானம் என்று ஆகிவிட்டால், நிராகரிக்கும் ஒவ்வொரு முறையும் இதழின் கையிருப்பு குறைகிறது. நீங்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் வருடக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அந்த அழுத்தம் வந்து உட்காரும். வாசகரிடமும் எழுதுபவரிடமும் வாங்காத இதழ்களை டைமண்ட் ஓப்பன் ஆக்சஸ் என்கிறார்கள். 2021 மார்ச்சில் வந்த ஒரு பெரிய ஆய்வு, உலகம் முழுக்க இப்படிப்பட்ட இதழ்கள் 29,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, பல்கலைக்கழகங்களும் அறிவியல் சங்கங்களும் நடத்துபவை. நீங்கள் போகப்போகும் பாதையில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்படியானால் செலவுக்கு? முதலில் செலவு எது என்று சரியாகப் பாருங்கள். மென்பொருள் இலவசம், சர்வர் இருக்கிறது, டி.ஓ.ஐ. என்ற நிரந்தர அடையாள எண்ணைப் பதிவு செய்யக் கிராஸ்ரெஃப் அமைப்பின் வருடச் சந்தாவும், புதுக் கட்டுரை ஒன்றுக்கு ஒரு டாலர் அளவிலான கட்டணமும் ஆகும். இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொகை. உண்மையான செலவு மனித நேரம். வந்த கட்டுரை இதழின் எல்லைக்குள் வருகிறதா என்று பார்ப்பது, எழுத்துத் திருட்டு இருக்கிறதா என்று சோதிப்பது, மதிப்பாய்வாளர் தேடுவது (இரண்டு பேர் சம்மதிக்க எட்டுப் பத்துப் பேருக்கு எழுதவேண்டி வருவது சகஜம்), நினைவூட்டுவது, மறுபடி நினைவூட்டுவது, மொழியைச் செம்மைப்படுத்துவது, பக்கம் வடிவமைப்பது, மேற்கோள்களைச் சரிபார்ப்பது, விவரங்களைப் பதிவேற்றுவது. இதைச் செய்ய அரை நாள் வேலைக்காவது சம்பளம் வாங்கும் ஒருவர் வேண்டும். பேராசிரியர்களின் ஓய்வு நேரத்தை நம்பி நடத்தும் இதழ், அந்தப் பேராசிரியர்களின் உடல்நிலையையும் குடும்ப நிலைமையையும் நம்பி நடக்கும் இதழ். பல்கலைக்கழகத்திடம் ஒரு வருடப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு பதவியை எழுத்தில் கேளுங்கள், தொகை சிறியதாக இருந்தாலும் சரி. முடிந்தால் நூலகத்தையும் ஏதாவது ஒரு அறிவியல் சங்கத்தையும் கூட்டாளிகளாகச் சேருங்கள், ஒரே ஊற்றை நம்பியிருப்பது நல்லதல்ல. என்விரான்மென்டல் ஹெல்த் பெர்ஸ்பெக்டிவ்ஸ் என்ற இதழ் 1972இல் தொடங்கியது, அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று நடத்தியது, எழுதுபவர்களிடம் கட்டணம் வாங்காமல் எல்லோருக்கும் திறந்திருந்தது, துறையில் எல்லோரும் மதித்த இதழ். 2025 ஏப்ரலில், வளங்களில் ஏற்பட்ட மாற்றத்தைக் காரணம் சொல்லி, புதுக் கட்டுரைகளைப் பெறுவதை நிறுத்திவைத்தது. அரை நூற்றாண்டு கடந்த இதழுக்கே அந்த நிலை.

அடுத்தது, எதற்காக இந்த இதழ்? இதற்கு உங்கள் கடிதத்தில் பதிலே இல்லை. "சுற்றுச்சூழல் அறிவியலின் எல்லாத் துறைகளும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தூசுத்துகள் வேதியியலும் மண் நுண்ணுயிரியலும் ஈரநிலப் பறவைகளும் கழிவுநீர்ப் பொறியியலும் சூழல் கொள்கையும் ஒரே இதழில் என்றால், எந்த ஒரு துறைக்காரரும் அதைத் தன் இதழ் என்று நினைக்கமாட்டார், ஐந்து பேரால் அத்தனைக்கும் மதிப்பாய்வாளர் தேடவும் முடியாது. ஏற்கெனவே நன்றாக நடக்கும் இதழ்களைப் பாருங்கள். எக்காலஜி அண்ட் சொசைட்டி 1997இல் கன்சர்வேஷன் எக்காலஜி என்ற பெயரில் தொடங்கியது, அன்றிலிருந்தே இணையத்தில் மட்டும், அன்றிலிருந்தே எல்லோருக்கும் திறந்தது. சூழலமைப்பும் மனித சமூகமும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்ற ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டது. அட்மாஸ்பெரிக் கெமிஸ்ட்ரி அண்ட் பிசிக்ஸ் 2001இல் தொடங்கியபோது ஒரு புதிய நடைமுறையோடு வந்தது: கட்டுரையை முதலில் பொதுவில் வைத்து, மதிப்பாய்வாளர் கருத்தும் எழுதியவர் பதிலும் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும், அதற்குப் பிறகுதான் இறுதிக் கட்டுரை. ஓர் இதழ் பொருளால் தனித்து நின்றது, இன்னொன்று வேலை செய்யும் முறையால். உங்களுடையது எதனால் நிற்கும்?

என்னைக் கேட்டால், இன்றைக்கு வீடில்லாமல் அலையும் கட்டுரைகள் எவை என்று பாருங்கள். நம் துறையில் அவை நிறைய. பத்துப் பதினைந்து வருடம் ஒரே ஆற்றை அளந்த தரவு, "இதில் புதுமை என்ன" என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்படும். நட்ட மரங்கள் செத்துப்போன காடு மீட்புத் திட்டம், வேலை செய்யாத மாசு நீக்க முறை, தாக்கம் எதுவும் தெரியவில்லை என்று முடியும் நச்சியல் ஆய்வு, இவற்றை யாரும் வெளியிடுவதில்லை. அடுத்த ஊரில் அதே தோல்வியை இன்னொருவர் புதிதாகச் செலவழித்துச் செய்கிறார். வேறொருவரின் கள ஆய்வை வேறு இடத்தில் திரும்பச் செய்து பார்த்த கட்டுரைகளுக்கும் இடமில்லை. இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, "நீண்டகாலச் சூழல் கண்காணிப்பு" என்றோ "மீட்புப் பணிகளின் விளைவுகள், தோல்வி உட்பட" என்றோ ஒரே வரியில் எல்லையைச் சொல்ல முடிந்தால், உங்களுக்குக் கட்டுரை தானாக வரும். அப்படிச் சொல்ல முடியவில்லை என்றால், புது இதழ் வேண்டாம், இருக்கும் நல்ல இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் சேர்ந்து வேலை செய்யுங்கள். அறிவியலுக்கு அதுவும் தேவைப்படும் சேவைதான்.

மொழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல்லுயிர்ப் பாதுகாப்பு பற்றி 2014இல் வெளியான ஆய்வு ஆவணங்களை 16 மொழிகளில் தேடிப் பார்த்த ஓர் ஆய்வு, அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆங்கிலத்தில் இல்லை என்று கண்டது. ஆய்வு நடந்த இடத்து மக்கள் பேசும் மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் கட்டாயம் என்று விதி வையுங்கள். யாருடைய கிணற்றுத் தண்ணீரை அளந்தோமோ அவர் படிக்க முடியாத கட்டுரையைத் திறந்த கட்டுரை என்று எப்படிச் சொல்வது?

இனி நான் ரொம்பப் பெரிதாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன், எழுதுபவர்களிடம் நீங்கள் எதையெல்லாம் கேட்பீர்கள் என்பது. புது இதழுக்கு மரியாதை இங்கிருந்துதான் வரும். முதல் வாரத்திலேயே உங்கள் பெட்டியில் வந்து விழப்போவது, ஏதோ ஒரு தாவரக் கழிவைக் கரியாக்கி, அதனால் காய்ச்சி வடித்த நீரில் கலந்த காரீயத்தை இத்தனை விழுக்காடு நீக்கினோம் என்ற கட்டுரைகள். இவற்றில் நல்லவை உண்டு, ஆனால் பெரும்பாலும் பொருளின் பெயர் மட்டும்தான் மாறும். உண்மையான கழிவுநீரில் சோதித்தீர்களா, மற்ற அயனிகள் இருக்கும்போது என்ன ஆகிறது, பயன்படுத்திய கரியைக் கடைசியில் என்ன செய்வீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதிலில்லாத கட்டுரை மதிப்பாய்வுக்கே போகாது என்று வழிகாட்டியில் எழுதி வையுங்கள். பாதிச் சுமை குறையும். மாசு அளவுகளைச் சொல்லும் கட்டுரை என்றால் வெற்று மாதிரி (மாசு இல்லாத மாதிரி) முடிவுகள், கண்டறியும் வரம்பு (கருவியால் கண்டறிய முடிகிற மிகக் குறைந்த அளவு), மீட்பு விழுக்காடு (தெரிந்தே சேர்த்த அளவில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது), சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள் (அளவு ஏற்கெனவே உறுதியான மாதிரி) இவை நான்கும் அட்டவணையில் வேண்டும். வரம்புக்குக் கீழே வந்த அளவுகளை எப்படிக் கையாண்டார்கள் என்று சொல்லவேண்டும், சத்தமில்லாமல் வரம்பில் பாதி என்று போட்டுவிட்டுப் போகக்கூடாது. மைக்ரோபிளாஸ்டிக் கட்டுரையில் ஆய்வகக் காற்றிலிருந்தும் துணியிலிருந்தும் விழும் இழைகளைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேளுங்கள். களச் சூழலியலில், ஒரே குளத்தில் எடுத்த பத்து மாதிரியைப் பத்துக் குளம் போல எண்ணிப் புள்ளியியல் செய்வதை ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இலேயே விரிவாகக் கண்டித்து எழுதினார், இன்றும் அது வந்துகொண்டுதான் இருக்கிறது. இதைப் பிடிக்க ஆசிரியர் குழுவில் புள்ளியியல் தெரிந்த ஒருவர் இருந்தே ஆகவேண்டும். பெரிய பெயர்கள் தேடுவதாக எழுதியிருந்தீர்களே, அந்த நேரத்தில் இவரைத் தேடுங்கள்.

தரவையும் கட்டுரையோடு கேளுங்கள். "கேட்டால் தருகிறோம்" என்ற வரியை ஏற்காதீர்கள், கேட்டால் பல நேரம் கிடைக்காது. செர்ன் ஆய்வு மையம் நடத்தும் ஜெனோடோ, புவி அறிவியலுக்குப் பாங்கேயா, உயிரினப் பதிவுகளுக்கு ஜிபிஃப் என்று நிலையான இடங்கள் இருக்கின்றன, அங்கே வைத்து டி.ஓ.ஐ. வாங்கிவரச் சொல்லலாம். ஆனால் இங்கே ஒரு முக்கியமான விலக்கு உண்டு. அருகிவரும் உயிரினம் எங்கே வாழ்கிறது என்ற துல்லியமான அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிட்டால் வேட்டைக்காரரும் சேகரிப்பாளரும் அதைப் படித்துக்கொண்டு போவார்கள். டேவிட் லிண்டன்மேயரும் பென் ஷீலும் 2017இல் சயன்ஸ் இதழில் இதை எச்சரித்து எழுதினார்கள். திறந்த இதழ் என்பதற்காக எல்லாவற்றையும் திறந்துவைக்க வேண்டியதில்லை. இடத்தை மங்கலாக்கிக் காட்டவும், முழுத் தரவைத் தகுந்த ஆய்வாளருக்கு மட்டும் தரவும் ஒரு விதி எழுதுங்கள். அதே போல, மாதிரி எடுத்த நாட்டின் அனுமதி எண் கேளுங்கள். மரபணு வளங்களைப் பெறுவது பற்றிய சர்வதேச ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2014 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

எழுதுபவரின் பண உறவுகளை வெளிப்படுத்தும் விதியைக் கடுமையாகவே வையுங்கள். நம் துறையில் ஆலைக்கு ஆலோசகராக இருப்பவரே ஆற்றைப் பற்றிக் கட்டுரை எழுதுவார், வழக்கில் ஒரு தரப்புக்குச் சாட்சி சொன்னவரே மதிப்பாய்வுக்கும் வருவார். அதைச் சொன்னால் குற்றமில்லை, மறைத்தால்தான் குற்றம். மறுபக்கமும் இருக்கிறது: ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி மாசு அளவை வெளியிட்ட கட்டுரைக்கு வக்கீல் நோட்டீஸ் வரலாம். அன்றைக்குப் பல்கலைக்கழகச் சட்டப்பிரிவு உங்கள் பின்னால் நிற்குமா, இல்லை அந்தக் கட்டுரையை எடுத்துவிடச் சொல்லுமா? இதை இப்போதே பேசுங்கள். உள்ளடக்கம் பற்றிய முடிவு ஆசிரியர் குழுவுடையது, நிர்வாகம் தலையிடாது என்ற ஒரு வரியைப் பல்கலைக்கழகத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் வாங்கிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் நான் அந்த இதழில் ஆசிரியராக இருக்கமாட்டேன்.

ஆசிரியர் குழு பற்றிக் கொஞ்சம். கடிதத் தாளில் மட்டும் பெயர் தரும் மூத்தவர்கள் வேண்டாம். முனைவர் பட்டம் முடித்துச் சில வருடமே ஆன, சொன்ன நாளில் வேலையை முடித்துக் கொடுக்கும் பத்துப் பேர் போதும். வேறு வேறு நிறுவனங்களிலிருந்து வரவேண்டும், எல்லோரும் உங்கள் துறைக்காரர்களாக இருந்தால் வெளியே பார்ப்பவருக்கு அது துறை மலர் போலத்தான் தெரியும். பதவிக்காலம் மூன்று வருடம் என்று எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் யாரையும் நீக்க முடியாமல் தவிப்பீர்கள். உங்கள் ஐவரின் கட்டுரைகளால் முதல் இதழை நிரப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். டி.ஓ.ஏ.ஜே. என்ற ஓப்பன் ஆக்சஸ் இதழ்களின் பட்டியல், ஆசிரியர்களோ குழு உறுப்பினர்களோ மதிப்பாய்வாளர்களோ எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் ஓர் இதழில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது.

அந்தப் பட்டியலில் சேர்வதுதான் உங்கள் முதல் இலக்காக இருக்கவேண்டும், ஸ்கோபஸ் அல்ல. 2003இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 300 இதழ்களோடு தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே.யில் இன்று 20,000க்கு மேல் இருக்கின்றன, விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் வெளிவந்திருக்க வேண்டும், அல்லது பத்து ஆய்வுக் கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருடத்துக்குக் குறைந்தது ஐந்து. ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ் அடையாள எண் உறுதியாகியிருக்கவேண்டும், உரிமம் ஒவ்வொரு கட்டுரையிலும் தெரியவேண்டும். உரிமத்துக்கு, எழுதியவர் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 வையுங்கள், பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கட்டும். மதிப்பாய்வுக்கு முன்பே, முன்பதிப்பாக வேறிடத்தில் வைத்த கட்டுரையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுதியவரின் அடையாளத்துக்கு ஆர்கிட் எண் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கட்டுரையை எழுதியவராகப் போடக்கூடாது என்பது, பதிப்பு நெறிகளுக்கான கோப் அமைப்பு 2023இலேயே எடுத்த நிலைப்பாடு, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இவை எல்லாம் நூலகரோடு உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடியும் வேலை. ஆனால் பெயரை வைப்பதற்கு முன் ஐ.எஸ்.எஸ்.என். தளத்தில் ஒரு தடவை தேடிவிடுங்கள், சுற்றுச்சூழல் என்ற சொல்லோடு ஏற்கெனவே எக்கச்சக்கமான இதழ்கள் இருக்கின்றன.

ஸ்கோபஸுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது இரண்டு வருட வெளியீட்டு வரலாறு வேண்டும். அதற்கு முன்னால் யார் வந்து "நாங்கள் சேர்த்துத் தருகிறோம்" என்று பணம் கேட்டாலும் ஏமாற்று. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது, முந்தைய இரண்டு வருடங்களில் நீங்கள் வெளியிட்டவை இந்த வருடம் எத்தனை முறை மேற்கோள் ஆயின என்பதை அந்த இரண்டு வருடக் கட்டுரை எண்ணிக்கையால் வகுப்பது. அதற்கு வெப் ஆஃப் சயன்ஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியல் உங்களைத் தன் 24 தர அளவுகோல்களால் சோதித்துச் சேர்த்திருக்கவேண்டும். இதழ் தொடங்கி நான்கு ஐந்து வருடம் ஆகும்வரை அதைப் பற்றிப் பேசுவதே வீண். இதே போன்ற பெயரில் ஏதேதோ நிறுவனங்கள் விற்கும் "குளோபல்", "யுனிவர்சல்" எண்களை வாங்கி முகப்பில் ஒட்டாதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததும் கட்டுரை அனுப்பமாட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் மட்டும் சீக்கிரம் வந்துவிடலாம், ஓ.ஜே.எஸ். அதற்கான குறிப்புகளைத் தானே போட்டுவிடும்.

எண்ணிக்கையைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் என்விரான்மென்டல் ரிசர்ச் அண்ட் பப்ளிக் ஹெல்த் 2022 என்ற ஒரே வருடத்தில் 16,000க்கு மேல் கட்டுரை வெளியிட்டது. இதழின் எல்லைக்குப் பொருந்தாதவை வெளியாகின்றன என்ற காரணத்தால் 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயன்ஸ் அதை நீக்கியது. கீமோஸ்பியர் என்ற பழைய இதழையும் 2024 டிசம்பரில் நீக்கியது. ஹிந்தாவி பதிப்பகம் 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, பெரும்பாலானவை விருந்தினர் ஆசிரியர்களை நம்பி விட்ட சிறப்பிதழ்களில் வந்தவை. உங்களுக்கும் இரண்டாவது வருடமே, "சிறப்பிதழ் ஒன்று நான் தொகுத்துத் தருகிறேன், இருபது கட்டுரை தயார்" என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதுவார். கட்டுரை வரத்து குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அந்தக் கடிதம் வரும். மறுத்துவிடுங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு நல்ல கட்டுரை வந்தால் அதுவே வெற்றி. இதழ் எண் நிரம்பட்டும் என்று காத்திருக்காமல், தயாரான கட்டுரையைத் தயாரான அன்றே வெளியிடும் முறையை எடுத்துக்கொண்டால், எண்ணிக்கையை நிரப்பவேண்டும் என்ற அவசரமும் இருக்காது.

துறைத்தலைவர் விழாவில் உறுதியாக இருந்தால், மூன்று மாதத்தில் இதழுக்குப் பதிலாக ஒரு கூட்டம் நடத்துங்கள்: நூலகர், சட்டப்பிரிவிலிருந்து ஒருவர், வெளி நிறுவனங்களிலிருந்து வரப்போகும் ஆசிரியர்கள், உங்கள் ஐவர். எல்லையைச் சொல்லும் அந்த ஒரு வரி, எழுதுபவர் வழிகாட்டி, ஐந்து வருட நிதி உறுதி, காப்பக ஏற்பாடு, இவை நான்கும் காகிதத்தில் வந்த பிறகு கட்டுரைகளுக்கு அழைப்பு விடுங்கள். அழைப்பு விட்டதிலிருந்து முதல் கட்டுரை வெளிவர எட்டு மாதமாவது ஆகும், மதிப்பாய்வை ஒழுங்காகச் செய்தால். வழிகாட்டியின் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், தரவு பற்றிய பகுதியையும் பண உறவுகள் பற்றிய பகுதியையும் வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.